செவ்வாய்க்கிழமைச் சொந்தங்கள்

“எனக்கு எத்தன மாமா, எத்தன மச்சான்னு எனக்கே வெளங்கல்ல. வாரத்துல ரெண்டு நாளைக்கு மட்டும் எங்கேருந்துதான் வாறாங்களோ,” என்றாள் ஜெஸீமா, சோற்றுப் பானையை இறக்கியபடி.

அவள் புருஷன் ஜவாஹிர் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினார். யோசனை அவருடையதாயிற்றே!

அது எழுபத்து நாலாம் வருஷம். நாட்டில் அரிசிப் பஞ்சம். செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டுக் கடைகளில் சோறு போடக்கூடாது என்று சட்டம். கலேவெல சந்தியில் ஜவாஹிரின் கடை அந்தச் சட்டத்துக்கு அப்படியே கட்டுப்பட்டது. முன்பக்கம் அவித்த மரவள்ளியும் சம்பலும் ஈ மொய்த்துக் கிடந்தன. பின்பக்கம், திரைச்சீலைக்கு அப்பால் அவருடைய வீட்டு ஹோலில், பாய் விரித்து ‘சொந்தக்காரர்கள்’ சோறு தின்றார்கள். கடையில்தானே கூடாது? வீடு தேடி வந்த சொந்தத்துக்குச் சோறு போடுவதை எந்த அரசாங்கம் தடுக்கும்?

ஜெஸீமா பயந்ததெல்லாம் புது உணவு இன்ஸ்பெக்டருக்குத்தான். ஊருக்கு மாற்றலாகி வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அதற்குள் அடுத்த ஊரில் ஒரு கடைக்குச் சீல் வைத்துவிட்டார். தேத்தண்ணி கொடுத்தாலும் குடிக்கமாட்டாராம். செவ்வாய், வெள்ளியில் அவர் வீட்டிலும் சோறு கிடையாதாம், வெறும் பாண் ரொட்டிதானாம்.

“நம்மட கடையையும் பூட்டினா மூணு புள்ளைகளையும் வெச்சிக்கிட்டு எங்க போறது? உங்களுக்கு வேற தொழில் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாது. இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்பும் கல்லாவும்தான். அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. அதை மனைவியிடம் காட்டிக்கொள்வாரா என்ன? சோற்றை அள்ளிக்கொண்டு ஹோலுக்குப் போனார்.

அங்கே அரசியல் சூடு பிடித்திருந்தது. தம்புள்ளையிலிருந்து பூசணிக்காய் ஏற்றி வந்த லொறிக்காரர்கள் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மந்திரியை மாற்றினார்கள். வெளிநாட்டு மிளகாயை நிறுத்தியதால்தான் மிளகாய் பயிரிடும் நம் கமக்காரன் கல்வீடு கட்டுகிறான் என்றார் ஒருவர். அந்த வீட்டில் அவன் எதைத் தின்பான் என்று எகிறினார் தோட்டத்து லொறி ஓட்டும் செபஸ்தியன். மூலையில் ஒரு தொப்பிக்காரப் பெரியவர் மட்டும் எதிலும் தலையிடாமல், அப்போதுதான் ஜெயிலிலிருந்து வந்தவர்போல மூன்றாவது கோப்பைச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மூன்று வாரமாக வருகிறார். பேர் ஊர் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட வந்தவரை விசாரிப்பது மரியாதையில்லை என்று ஜவாஹிரும் கேட்கவில்லை.

அப்போது திரைச்சீலை விலகியது.

“வெளிய ஆறு லொறி நிக்கிது. கடையில ஒரு மனுசனும் இல்ல. அதான் எட்டிப் பார்த்தேன்,” என்றார் காற்சட்டை போட்டு, கையில் ஃபைலோடு நின்றவர். “நான் ஸக்கரியா. உணவு இன்ஸ்பெக்டர்.”

ஹோலில் கவளங்கள் அந்தரத்தில் நின்றன. ஸக்கரியாவின் கண் ஒருமுறை எல்லார்மேலும் ஓடி, மூலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது.

“எல்லாம் சொந்தக்காரங்க, சேர். வீட்டுக்கு வந்தவங்க,” என்றார் ஜவாஹிர். சோற்றுக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

ஸக்கரியா தலையாட்டினார். கோபமே படவில்லை. அதுதான் ஜவாஹிரை இன்னும் உலுக்கியது. ஒவ்வொருவராக விரல் நீட்டிக் கேட்டார். இவர் மச்சான், அவர் சாச்சா, அவர் மாமி மகன் என்று உளறிக்கொட்டிக்கொண்டே வந்த ஜவாஹிர், செபஸ்தியனின் கழுத்துச் சிலுவையைக் கண்டதும் திண்டாடிப் போனார்.

“இவர்... பால்குடி நானா, சேர். எங்கட உம்மாட்டப் பால் குடிச்சதால அண்ணன் மொற.”

“உங்கட உம்மாக்கு என்ன வயசு?”

“அறுபது.”

“இவருக்கு?”

“அம்பத்தெட்டு, சேர்,” என்றார் செபஸ்தியன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

ஸக்கரியா சிரிக்கவில்லை. கடைசியாக மூலைப் பக்கம் திரும்பினார். பெரியவர் முகம் கோப்பைக்குள் விழுந்துவிடும்போல் குனிந்திருந்தது.

“இவர்?”

மச்சானும் முடிந்தது, சாச்சாவும் முடிந்தது. வயதுக்கு ஏற்ற உறவு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“மாமா, சேர். என்ட பொண்டாட்டிட வாப்பா,” என்றார் ஜவாஹிர். உண்மையான மாமனார் மௌத்தாகி அடக்கம் பண்ணிப் பத்து வருஷம்.

“அப்படியா? உள்ளுக்குக் கேட்டுப் பாக்கலாமா?”

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற ஜெஸீமா அன்னிய ஆண்கள் முன்னால் வருகிறவள் இல்லை. மூலையில் இருப்பவர் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் கடை போய்விடும் என்று தெரியும். மூன்று பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டாள். பிஸ்மி சொன்னாள்.

“ஓ, எங்கட வாப்பாதான். சின்னதுலேருந்து என்னத் தோள்ல தூக்கி வளத்தவர். இந்த வீட்டுல அவர் சோறு தின்னக்கூடாதுன்னு யாருக்கும் சொல்லேலாது,” என்றாள் அழுத்தமாக.

ஜவாஹிருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் வழக்கறிஞர்களாகத்தான் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஸக்கரியா ஃபைலை மூடினார். மெல்ல நடந்து மூலைக்குப் போய், பாயில் பெரியவருக்குப் பக்கத்தில் குந்தினார்.

“ஏன் வாப்பா, கலேவெலயில எனக்கு ஒரு தங்கச்சி இரிக்கிற கத, வீட்டுல பாண வெட்டி வெச்சிக்கிட்டு உங்களத் தேடுற நம்மட உம்மாக்குத் தெரியுமா?”