கையெழுத்துப் போட்டவர்

அவன் கும்பலுக்குப் பின்னால் நின்றான்.

சுவரில் மாட்டியிருந்த மின்பலகையின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் எஸ்.ஐ. உள்ளே எது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அது அவருக்குப் புரிந்தது.

"யாருய்யா சாலமோன்ராஜ்?"

பாதி எழும்பிய கட்டடம். முதல் தளத்துக் கான்கிரீட் தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் விடுகிறவள் முப்பிடாதி. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அதன் இரும்புக் குழாயைத் தொட்டவள் அப்படியே விழுந்தாள். இப்போது பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறாள்.

காண்ட்ராக்டரின் போன் காலையிலிருந்து அணைந்து கிடக்கிறது.

இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வயரையும் இழுத்தவன், கும்பலுக்குப் பின்னால் நிற்கிற அவன்தான். இதற்கு முன்னால் நாற்பது வீடுகள், இரண்டு கல்யாண மண்டபங்கள். ஒன்றின் காகிதத்தில்கூட அவன் பெயர் இல்லை.

லைசென்ஸ் இல்லாதவன் வேலை செய்யலாம். செய்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் கூடாது.

ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குத் தர முடியாது என்றார்கள். பிறகு, அனுபவச் சான்று கொண்டுவா பார்க்கலாம் என்றார்கள். கொண்டுபோனான். முத்திரை சரியில்லை என்றார்கள். மூன்றாம் தடவை அவன் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

அதனால்தான் சாலமோன் சார். ஐ.டி.ஐ. படித்தவர், லைசென்ஸ் வைத்திருப்பவர், எழுபதை நெருங்குகிறவர். மூட்டுவலியால் ஏணி ஏறி வருஷங்கள் ஆயிற்று. மொபெட்டில் வருவார், டீ குடிப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார்.

அவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. பொய் சொல்வானேன், பல வருஷம் எரிந்திருக்கிறது. மண்டபத் திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது அவன் மேடைக்குப் பின்னால் சீரியல் விளக்குக்கு வயர் பிடித்துக்கொண்டிருந்தான். இது யார் வேலை என்று ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினான்.

இன்றைக்குக் கேட்கிறார்கள்.

"நான்தான் சார்."

கூட்டம் விலகியது. சாலமோன் மெல்ல முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பலகைக்குள் குனிந்தார்.

அவர் கையெழுத்துப் போட்ட அன்று எல்லாம் சரியாகவே இருந்தது. கரண்டு எங்காவது கசிந்தால் தானே விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றை அவன் மாட்டியிருந்தான். அவரே பட்டனை அமுக்கிப் பார்த்தார். விழுந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

நாலாம் நாளிலிருந்து அது சும்மா சும்மா விழ ஆரம்பித்தது. மோட்டாரைப் போட்டால் விழும். கூடவே கலவை மெஷினும் நின்றுபோகும். கொத்தனார் மேலேயிருந்து கத்தினார்.

"எளவு, இப்படி நிமிசத்துக்கு ஒருக்க நின்னா நான் எப்பம் முடிக்க?"

எங்கோ கசிகிறது என்று அவனுக்குத் தெரியும். தேடிப் பார்க்க அரைநாள் வேண்டும். அந்த அரைநாளைக் கொத்தனார் தரவில்லை. அவனும் கேட்கவில்லை.

சுவிட்சை ஒதுக்கிவிட்டு வயரை நேரே கொடுத்தான். கறுப்பு டேப்பைச் சுற்றினான். எல்லாரும் செய்கிறதுதான்.

அப்புறம் ஒரு தடவைகூடக் கரண்டு நிற்கவில்லை.

முந்தாநாள் முப்பிடாதி வந்து சொன்னாள். "அண்ணாச்சி, பைப்பத் தொட்டா சுர்ருன்னு இழுக்கு."

ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

இன்று காலையில் அவள் செருப்புப் போட்டுத்தான் இருந்தாள்.

சாலமோன் அந்தக் கறுப்பு டேப்பைப் பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து கும்பலுக்குள் தேடி, அவன் முகத்தைக் கண்டுபிடித்தார்.

அவர் முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் முறைக்கவில்லை. அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தார்.

ஒரு வார்த்தைதான். தொண்டைவரைக்கும் வந்தது. ஜெயில் என்று நினைத்தான். வீட்டில் இருக்கிற மூன்று பேரை நினைத்தான். அது திரும்ப உள்ளே போய்விட்டது.

கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலை பாத்தது நீங்கதானா?" எஸ்.ஐ. மறுபடியும் கேட்டார்.

"கையெழுத்து என்னுதுதான சார்" என்றார் சாலமோன்.

கேட்டதற்கு அது பதில் இல்லை. எஸ்.ஐ.க்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜீப்பில் ஏற அவருக்குக் கால் எட்டவில்லை. ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து தாங்கி ஏற்றினார்.

லைசென்ஸ் கிடைக்காமல் போனதற்காக அவன் முதல்முறையாகச் சாமிக்கு நன்றி சொன்னான். சொன்ன மறுநிமிஷமே தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவள் முப்பிடாதியின் தங்கை. யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அதே முகம். வெளியூரிலிருந்து வந்தவள், அங்கே ஒருத்தரையும் அவளுக்குத் தெரியாது. கும்பலின் கடைசியில் நின்றவன் என்பதால் அவனிடம்தான் முதலில் வந்தாள்.

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இங்க கரண்டு வேலை பாத்தது யாரு?"

ஜீப் இன்னும் கிளம்பவில்லை. சாலமோன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் கையை உயர்த்தி அவரைக் காட்டினான்.