பேர் வேண்டாதவன்

“செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டன்!” இராஜரட்ணம் கடதாசியைக் கசக்கி எறிந்தார்.

“போட்டுத்தான் ஆகவேணும் அண்ணை,” என்றான் பிரியந்தன். “போட்டிட்டு, ‘பாட்டை உம்முடைய பேரிலேயே வைச்சுக்கொள்ளும், எனக்குப் பேர் வேண்டாம்’ எண்டு சொல்லவேணும். பிறகு ஆறுதலாய்ச் சாகலாம்.”

கனடாவின் ஸ்காபரோவில், பிரியந்தன் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் நாடக ஒத்திகை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய அமெரிக்கப் பாட்டுக்காரன் ஒருவனின் கதை. ஊரெல்லாம் பாடிய பாட்டை அவன் ஒரு கூத்துக் கம்பனிக்காரனுக்கு விற்றான். பாட்டு வாங்கினவன் பேரிலேயே அச்சாகியது. பாட்டுக்காரன் வேடம் இராஜரட்ணத்துக்கு. கம்பனிக்காரன் வேடத்தை, நாடகத்தைப் பழக்குகிற பிரியந்தனே எடுத்துக்கொண்டான். இருவரும் மிசிசாகா ஃபக்டரிக்கு ஒரே காரில் போய்வருகிறவர்கள்.

“பெத்த பிள்ளையை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுவானோ?”

“அவன் சொன்னவன் அண்ணை. சரித்திரம். மாத்தேலாது.”

“உன்ரை சரித்திரத்தை ஆர் கண்டது? எழுதினவன் சொன்னதுதானே!”

வசனம் எடுத்துக்கொடுக்க வந்திருந்த துர்க்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இராஜரட்ணத்துக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது; வசனத்தை அவள்தான் திரும்பத் திரும்ப வாசித்துப் பாடமாக்குகிறாள்.

“பாட்டெண்டால் முதல் நாளே ஒரு சொல்லும் பிசகாமல் பாடினவர்,” என்று அவளிடம் புறுபுறுத்தான் பிரியந்தன். “வசனமெண்டால் மட்டும் வாயிலை கொழுக்கட்டை.” பிறகு அவர் பக்கம் திரும்பினான். “ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. வேடத்தை வேறை ஆளுக்குக் குடுக்கிறன்.”

வேடம் போனால் மேடையும் போய்விடும். இராஜரட்ணம் குனிந்து, கசங்கிய கடதாசியை எடுத்து நீவினார்.

“சரி, சரி. சொல்லுறன்.”

ஆரையும் நம்பாத இராஜரட்ணத்துக்கு, பிரியந்தனை நம்பவைக்கத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்க இடமில்லை. தூரத்து விட்பியிலிருந்துகூடச் சனம் வந்திருந்தது. திரை திறக்க முன்னர் பிரியந்தன் மைக்கைப் பிடித்து, “கதை, வசனம், பாட்டு எல்லாம் அடியேன்தான்” என்று கும்பிட்டான். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

இராஜரட்ணம் பாடப்பாட, “இன்னொருக்காப் பாடு!” என்று பின்வரிசைகள் கத்தின. அவர் பாடினார்.

கடைசிக் காட்சி வந்தது. கம்பனிக்காரன் கடதாசியை நீட்டினான். “விலை பேசியாச்சு. கையெழுத்தைப் போடும்.”

இராஜரட்ணம் பேனையைத் தொடவில்லை.

“அங்கிள், ‘எனக்குப் பேர் வேண்டாம்’...” திரைக்குப் பின்னாலிருந்து துர்க்கா எடுத்துக்கொடுத்தாள். பிரியந்தன் பல்லைக் கடித்தான். “சொல்லுங்கோ அண்ணை, சனம் பாக்குது!”

“பாக்கட்டும்.”

தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, நேரே மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

“கம்பனிக்காரன் கேட்டெண்டாலும் வாங்கினவன். காருக்குள்ளை நான் கட்டிப் பாடின பாட்டுகளை எடுக்கேக்கை நீ என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோடா, பிரியந்தன்?”