கம்ப்யூட்டருக்கு முகதாட்சண்யம் கிடையாது

வேணிக்கு ஆறு மார்க். அழகிரிக்கு ஒன்பது.

ஸ்ரீரங்கத்துல அந்த கவர்மென்ட் ஆபீஸ் முழுக்க காலையிலேர்ந்து இதே பேச்சுதான். யார் எப்படி வேலை பாக்கறாங்கன்னு இந்த வருஷத்துலேர்ந்து ஆபீஸ் ஹெட் விஜயராணி மேடம் கம்ப்யூட்டர்ல பத்துக்கு மார்க் போடணும். அதை வெச்சுத்தான் பிரமோஷன். போட்ட மார்க் நேரா அவங்கவங்க செல்லுக்கு வந்துடும்.

அழகிரி டீக்குப் போனா மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். வேணியோ, பிரசவ லீவு முடிஞ்சு வந்த நாள்லேர்ந்து தலை நிமிராம ஃபைல் பாக்கறவ.

அழகிரி லட்டு டப்பாவோட சீட் சீட்டா கிளம்பிட்டார். இந்த மார்க் முறைக்கு டிரெய்னிங் குடுக்க வந்த ஆபீசர் மாதிரியே மூக்கால பேசிக்கிட்டு, "கம்ப்யூட்டருக்கு முகதாட்சண்யமே கிடையாது ஜென்டில்மேன்."

"மேடத்துக்கு நல்லா ஐஸ் வெச்சிருக்கீங்கண்ணே"ன்னான் பக்கத்து சீட்டு லூர்து. லட்டை மட்டும் ரெண்டா எடுத்துக்கிட்டான்.

வேணிகிட்ட டப்பா வந்துச்சு.

"வேணாம்."

"ஆறு வாங்கினவங்களுக்கும் உண்டும்மா."

அவ உதட்டைச் சுழிச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அவரும் அப்படியே சுழிச்சு, அப்படியே திருப்பிக் காட்டினார். ஆபீசே சிரிச்சுது. அதோட விட்டாரா, யாருக்கோ போனைப் போட்டு, "துறையூர்லேர்ந்து பச்சைமலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குப்பா?"ன்னு விசாரிக்கறார்.

டூர் வேறயா? வேணிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விறுவிறுன்னு மேடம் ரூமுக்குள்ள போயிட்டா.

"நீங்களாவது நியாயம் பாப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்."

விஜயராணி மேடம் கதவைச் சாத்தச் சொன்னாங்க.

"ஒன்பதை உனக்குத்தாம்மா போட்டு வெச்சிருந்தேன். அனுப்பறதுக்குள்ள ஆர்டர் வந்துடுச்சு. பச்சைமலை ஆபீசுக்கு ஒரு ஆள் வேணுமாம். யாருக்கு மார்க் ஜாஸ்தியோ அவங்கதான் போகணுமாம், ரெண்டு வருஷத்துக்கு."

வேணிக்கு வீட்டுல ஒரு வயசுக் குழந்தை.

"ஆர்டரைப் பாத்துட்டு அழகிரிதான் வந்து நின்னார். 'பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு அது எப்படி மேடம் மலையேறும்? அதுக்குப் பிரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப் போனா போகட்டும். அந்த ஒன்பதை எனக்குப் போடுங்க. கம்ப்யூட்டருக்குத்தானே முகதாட்சண்யம் கிடையாது, நமக்குமா?'ன்னார். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதாம். ரோஷக்காரி, நானே போறேன்னு நிப்பியாம்."

வேணி வெளிய வந்தா. அழகிரி இன்னும் அவ மூஞ்சியத்தான் லூர்துக்குப் பண்ணிக் காட்டிக்கிட்டிருந்தார்.

"என்னம்மா, மேடம் ஏழாக்கிட்டாங்களா?"

வேணி கையை நீட்டினா.

"லட்டு மிச்சம் இருக்காண்ணே?"