பேத்திக்கு வைத்த பேர்

"வீட்டாவா? இது என்னடா பேரு, வைட்டமின் மாத்திரை மாதிரி?"

ஜீவன் பிறப்புப் பத்திரத்தை மேசையில் போட்டார். மகன் ரூபேந்திரன் தலையைச் சொறிந்தான்.

"லோஷினிதான்பா ஆசைப்பட்டு வெச்சா."

முதல் பேரப்பிள்ளைக்குத் தன் பேர்தான் என்று, பிறப்பதற்கு முன்பே செனாய் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார் மனுஷர். பெண் என்று தெரிந்ததும் 'ஜீவா' என்று மனசுக்குள் கூப்பிட்டும் பார்த்துவிட்டார். பாவம், இப்போது முகம் தொங்கிப்போயிற்று.

அன்று பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள். கூடம் நிறைய ஆட்கள், பூச்சுற்றிய தொட்டில். பிள்ளையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டிய தாத்தாவோ, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மனைவி வாசுகி கெஞ்சினாள்.

"வெச்சவங்களே சொல்லிக்கட்டும் லா. நாலு வருஷத்துல உன் மருமக என் பேரை ஒரு தடவை சொல்லியிருப்பாளா? கிளினிக்ல கேட்டாக்கூட என் ஐசி கார்டைத்தான் நீட்டுவா. அவளா பேத்திக்கு வைப்பா?"

லோஷினி பிள்ளையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள்.

"மாமா, வேலை கேட்டு வர்றவங்க பயோடேட்டா மேல 'கரிக்குலம் வீட்டே'ன்னு போட்டிருக்கும். லத்தீனாம், 'வீட்டா'ங்கிற சொல்லுலேர்ந்து வந்ததாம். ஒருநாள் சும்மா அர்த்தம் தேடினேன். பொண்ணு பிறந்தா இதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அப்படி என்ன பெரிய அர்த்தம்?"

"அதை நான் சொல்லக்கூடாது மாமா."

கைப்பேசியை மாமியாரிடம் நீட்டினாள். வாசித்த வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அலமாக்! நானும் சொல்லக்கூடாதுங்க. நீங்களே படிங்க."

ஜீவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோபம் குறையாமல் சத்தமாகவே படித்தார்.

"வீட்டா என்றால்... உயிர், ஜீவன்."

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமனார் பேரை மருமக சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் பேரையே வெச்சா, என் பிள்ளையை நான் எப்படி மாமா கூப்பிடுறது?"

 அவர் பேத்தியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார், அவள் காதருகே குனிந்தார்.

மூன்று தடவை சொன்னால் போதும். ஜீவன் நிறுத்தவே இல்லை.