ஒரு பல்பு குறைவாக

குருசுக்குப்பத்துக் கரையோரம் புதிதாக நட்ட கம்பங்களில் இன்றைக்குத்தான் முதன்முதலாக விளக்கு எரிகிறது. மணல் மஞ்சளாகக் கிடக்கிறது, நண்டுகள் வளைக்குப் போகாமல் திகைத்து நிற்கின்றன, ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறார்கள். தனக்கொடி மட்டும் கையிலிருக்கும் அரிக்கேனையே பார்க்கிறாள். தெற்கே லைட்டவுசு எரிகிறது. அது கடலில் இருக்கிறவனுக்கு ஊரைக் காட்டும். கட்டுமரம் கரையேற வேண்டிய இடத்தை இந்த அரிக்கேன்தான் காட்ட வேண்டும். நீரோட்டம் மரத்தைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனால், புயலில் உடைந்த பழைய கடற்பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. இத்தனை வெளிச்சத்தில் அரிக்கேன் எரிகிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

வயர்மேன் ராஜாங்கம் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

"அண்ணே, இந்த ஒரு பல்ப மட்டும் கழட்டிடுங்க. எங்க வூட்டுக்காரரு இன்னும் கரையேறல."

"இப்பத்தானம்மா மாட்டினேன்" என்கிறான். சொல்லிவிட்டு அவனும் கடலைப் பார்க்கிறான். பிறகு ஏணியைச் சாய்த்து ஏறுகிறான்.

வரிசையில் ஒரு பல் விழுந்தாற்போல இருட்டு விழுகிறது. அதன் நடுவில் அரிக்கேன் செக்கச்செவேலென்று தெரிகிறது. ராஜாங்கம் சுடுகிற பல்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்காருகிறான். அலைச் சத்தத்துக்கு நடுவே துடுப்புச் சத்தம் கேட்கிறது, பின்னாலேயே அவள் புருஷன் கன்னியப்பனின் குரல்.

"அங்க மட்டும் ஏன் தனக்கொடி இருட்டா கீது?"

அவள் அரிக்கேனைத் தலைக்கு மேல் தூக்குகிறாள்.

"அந்த இருட்டுக்கு நேரா வாய்யா."