குறியைத் திருப்பாத பிரேமினி

"இண்டைக்கும் பிழையாத்தான் செய்திருக்கிறாய், பிள்ளை."

செல்வமலர் டீச்சர் சிவப்புப் பேனையை மேசையில் வைத்தார். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. ஹட்டனுக்குப் போகும் இரண்டரை மணி பஸ் போய்விட்டது. அடுத்தது நாலரைக்குத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இரண்டு வருடத்தில் இந்த ஊர்க் குளிர்கூடப் பழகிவிட்டது. இந்தப் பிள்ளையின் பிழைதான் பழகவில்லை.

சமனிலிகள் பாடத்தில் தவறியவர்களுக்குப் பின்னேர வகுப்பு. இது மூன்றாவது வாரம். பதினோராம் தரத்தில் மிச்சம் இரண்டே பேர்: பூரணி, பிரேமினி.

பூரணிக்கு எல்லாப் படியிலும் தடுமாற்றம். பிரேமினி அப்படியில்லை. −2x + 3 < 11 என்று கொடுத்தால், இரு பக்கமும் மூன்றைக் கழித்து −2x < 8 என்று அச்சடித்த மாதிரி எழுதுவாள். மறை இரண்டால் வகுக்கும் கடைசிப் படியில் மட்டும் குறியைத் திருப்பமாட்டாள். x < −4 என்று எழுதி, அடியில் கோடும் போட்டுவிடுவாள்.

"மறை எண்ணால வகுத்தா குறி திரும்பும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"மறந்துடுதுங்க டீச்சர்."

போன வாரம் அவளுடைய தாயையே கூப்பிட்டு அனுப்பினார். பேச்சியம்மா அரை நாள் வேலையை விட்டுவிட்டு, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நனைந்தபடியே வந்து நின்றாள்.

"வீட்டில பிள்ளையைக் கவனிக்கிறேல்லையோ?"

"சொல்றேங்க டீச்சர்." குனிந்த தலை நிமிரவில்லை.

டீச்சர் பெருமூச்சு விட்டு, பூரணியின் தாளை எடுத்தார். ஐந்து கணக்கு. ஐந்தும் சரி. நம்பிக்கையில்லாமல் மறுபடியும் ஒவ்வொரு படியாகப் பார்த்தார். சரிதான்.

"பூரணி, நாளைக்கு நீ வரத் தேவையில்லை. பிரேமினி மட்டும் வந்தாப் போதும்."

பூரணி சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். பிரேமினி மேசையருகே வந்தாள்.

"என் தாளைக் கொஞ்சம் குடுங்க டீச்சர்."

நின்றபடியே எழுதினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து கணக்கிலும் குறி திரும்பியிருந்தது.

"அப்ப உனக்கு முதலே தெரியும்."

"ஆமாங்க டீச்சர்."

"மூண்டு கிழமையா என்னைப் பேய்க்காட்டினியோ?"

பிரேமினி வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மலை மேல இருக்குற மேல்கணக்கு லயத்து வீடுகளுக்குப் போறது நாங்க ரெண்டு பேருதாங்க. அந்தப் பாதையில சிறுத்தை நடமாட்டம் இருக்கு. பாஸானவங்க நிக்கக்கூடாது, வீட்டுக்குப் போயிடணும்னு சொன்னீங்க. நானும் போயிட்டா, தனியா போகப் பயந்துகிட்டு அவ கிளாஸுக்கே நின்னுருக்க மாட்டா."

டீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து மூடினார்.

"அதுக்காக அம்மாவை இஞ்ச வந்து ஏச்சு வாங்க விட்டியே. அந்த மனுசிக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்?"

"அம்மாதாங்க டீச்சர் சொன்னாங்க, பூரணி பாஸாகுற வரைக்கும் நீயும் ஃபெயிலாவே இருன்னு."