மூலையில் ஒரு கீறல்

விளம்பரம் கொடுத்திருந்தவனை வங்கி வாசலுக்கே வரச் சொல்லியிருந்தார் டீச்சர். பழைய செல்போன் வாங்க நாலு பேர் நடமாடும் இடம்தான் பாதுகாப்பு.

“கீழ விழுந்திருக்கா?”

“ஒரு தடவை. இதோ, மூலையில கீறல்.”

“பில்?”

நீட்டினான்.

“சார்ஜ் நிக்குமா?”

“மத்தியானம் வரைக்கும்தாங்க. பொய் சொல்ல மாட்டேன்.”

தன் சிம்மைப் போட்டு ஏழு பேரிடம் பேசிப் பார்த்தார். மூன்று முறை விலையை மாற்றிக் கேட்டார். அவன் முகம் சுளிக்கவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு அவன் போனதும், அதே போனில் அக்காவை அழைத்தார்.

“அக்கா, பையன் தங்கம். பொய்யும் இல்ல, கோபமும் இல்ல. நம்ம பொண்ணைத் தாராளமா கொடுக்கலாம்.”

“சரிடி, போனை எதுக்கு வாங்கினே?”

“விளம்பரம் அப்படியே இருந்தா, நாளைக்கு வேற பொண்ணோட சித்தி வந்து நிப்பாளே.”